சரளைக் குழி குடிக்கும் தண்ணீருக்கு யார் ஈடு கட்டுவது? கொலராடோ பாசன உரிமைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சவுத் பிளாட் ஆற்றங்கரையில் மணலும் சரளையும் அள்ளும் குழிகளுக்குத் தண்ணீர்க் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. ஊருக்குப் போனால் மாமா கேட்கிற கேள்வியும், இங்கே புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் கேட்கிற கேள்வியும், ஆற்றோரம் நிலம் பார்க்கிற நண்பர்கள் கேட்கிற கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இடையில் வரும் 20 ஏக்கர் குழியும் 100 ஏக்கர் பண்ணையும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. கணக்குப் போடும் முறை நிஜமானது.

மண்ணு அள்ளுற குழிக்கும் தண்ணிக்கும் என்னப்பா சம்பந்தம்?

ராக்கி மலையிலிருந்து இறங்கும் சவுத் பிளாட் ஆறும் அதில் வந்து கலக்கும் பூட்ர், செயின்ட் வ்ரெயின், பிக் தாம்சன் ஆறுகளும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய சரளைதான் அவற்றின் கரையோரம் முழுக்கக் கிடக்கிறது. நல்ல சரளை இருக்கும் இடத்தில் நிலத்தடி நீரும் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கும். சில அடி தோண்டினாலே தண்ணீர் தெரிய ஆரம்பித்துவிடும். தோண்டத் தோண்ட அது ஒரு குட்டையாகிறது.

மண்ணுக்கு அடியில் இருந்தவரை அந்தத் தண்ணீர் வெயிலைப் பார்த்ததில்லை. மெல்ல மெல்ல ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மேலே இருந்த மண்ணை எடுத்ததும் ஆவியாகத் தொடங்குகிறது. அப்படிப் போன ஒவ்வொரு குடமும் பிற்பாடு ஆற்றில் குறையும். போதாததற்கு, லாரியில் ஏறும் ஈரச் சரளையோடு கொஞ்சம் போகிறது. புழுதி அடங்கத் தெளிப்பதற்குக் கொஞ்சம் போகிறது.

ஆவியாகிப் போறதுக்கெல்லாமா கணக்கு கேப்பாங்க?

கேட்பார்கள். காரணம் 1874-இல் இருக்கிறது. அந்த வறட்சி ஆண்டில் பூட்ர் ஆற்றின் மேல்பகுதியில் ஃபோர்ட் காலின்ஸ் குடியேற்றக்காரர்கள் புதிய வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். முன்னதாகவே வாய்க்கால் வெட்டிப் பயிர் வைத்திருந்த கீழ்ப்பகுதி கிரீலியில் ஆறு வறண்டது. அடிதடிக்குப் போகாமல் பேச்சில் தீர்ந்தது; ஆனால் 1876-இல் மாநிலம் உருவானபோது "முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை" என்ற விதி அரசியல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. மேல்மடையா கடைமடையா என்பது இங்கே பேச்சில்லை. உரிமையின் தேதிதான் பேச்சு. பழைய தேதி வைத்திருப்பவர் தன் பங்கு வரவில்லை என்று குரல் கொடுத்தால், அவருக்கு இளைய தேதிக்காரர்கள் எல்லாம் மதகை மூட வேண்டும். இங்கே அதைக் 'கால்' என்பார்கள். நான் 'அழைப்பு' என்று எழுதுகிறேன்.

சவுத் பிளாட்டில் ஓடுகிற தண்ணீரைவிட எழுதிவைத்த உரிமைகள் அதிகம். அதனால் ஆற்றோடு தொடர்புள்ள நிலத்தடி நீரையும் 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இதே வரிசைக்குள் கொண்டுவந்தது. சரளைக் குழியும் ஒரு கிணறுதான் என்று 1988-இல் மாநில உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது: குழிக்குக் கிணற்று அனுமதி வேண்டும், குறைகிற தண்ணீருக்கு ஈடுகட்டும் திட்டமும் வேண்டும். இது விசித்திரமாகத் தெரிந்தால் இன்னொன்று சொல்கிறேன்: வீட்டுக் கூரை மழைநீரைப் பீப்பாயில் பிடிப்பதற்கே இங்கே 2016-இல்தான் பொதுவான அனுமதி கிடைத்தது, அதுவும் இரண்டு பீப்பாய், மொத்தம் 110 காலன்.

பக்கத்துலயே பெரிய பழைய குட்டை இருக்கு. அதுக்கு மட்டும் ஏன் யாரும் கேக்கல?

1980 டிசம்பர் 31-க்கு முன்பே தோண்டித் தண்ணீர் வெளிப்பட்ட பரப்பாக இருக்கும். அந்தப் பரப்பின் ஆவியாதலுக்கு ஈடு கேட்பதில்லை என்று சட்டம் விட்டுவிட்டது. அதே குட்டையை இப்போது விரிவாக்கினால், புதிய பரப்புக்குக் கணக்கு உண்டு. பழைய குட்டை உள்ள நிலத்தை விலைக்குப் பார்ப்பவர்கள் பத்திரத்தோடு அந்தக் காலத்து வான்வழிப் படத்தையும் தேடிப் பார்ப்பது நல்லது.

மொத்தத்துல எவ்வளவு தண்ணி கடனாகும்? ஒரு உதாரணம் சொல்லுங்க.

20 ஏக்கர் நீர்ப்பரப்பு உள்ள குழி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 42 அங்குலம் ஆவியாகிறது என்று கொள்வோம். குழி வராமல் இருந்திருந்தாலும், அங்கே தானாக முளைத்த புல்பூண்டு பெய்த மழையில் ஒரு பங்கைக் குடித்திருக்கும். அதைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 14 அங்குல மழையில் 70 சதவீதம் என்றால் சுமார் 10 அங்குலம். மீதி 32 அங்குலம். 20 ஏக்கருக்கு அது ஏறக்குறைய 53 ஏக்கர் அடி. (ஏக்கர் அடி என்பது ஒரு ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், சுமார் 12.3 லட்சம் லிட்டர்.)

அப்புறம் சரளையோடு போகும் ஈரம். நீர்மட்டத்துக்குக் கீழிருந்து எடுத்துக் கழுவிய சரளைக்கு எடையில் 4 சதவீதம் என்று கணக்கு. ஆண்டுக்கு 3 லட்சம் டன் விற்றால் கிட்டத்தட்ட 9 ஏக்கர் அடி லாரியில் போய்விடும். தண்ணீரை இறைத்துவிட்டு உலர்ந்த நிலையில் எடுத்து, கழுவாமல் விற்றால் 2 சதவீதம். புழுதிக்குத் தெளிப்பது ஒரு 4 என்று வைத்தால், கூட்டுத்தொகை 66 ஏக்கர் அடி. ஒவ்வோர் ஆண்டும். இந்தக் கடனை அடைக்கத்தான் பழைய பாசன உரிமையை வாங்கி, அது பாய்ந்த வயலைக் காயப்போட்டு, அந்தத் தண்ணீரை ஆற்றுக்கு விடுகிறார்கள். இனி வரும் கேள்விகள் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

பாசன உரிமை நிலத்தோட சேர்ந்து வர்றதுதானே?

அப்படி நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. கொலராடோவில் தண்ணீர் உரிமை நிலத்திலிருந்து பிரித்து விற்கக்கூடிய சொத்து. பெரும்பாலும் அது வாய்க்கால் கம்பெனியின் பங்குப் பத்திரமாக இருக்கும். பங்குதாரர்கள் எல்லாருமே விவசாயிகளாக இருந்த அந்தக் காலத்தில் சேர்ந்து வெட்டிய வாய்க்கால் அது. நிலத்தை ஒருவருக்கும் பங்கை இன்னொருவருக்கும் விற்கலாம். ஆகவே கிரயப் பத்திரத்தில் பங்கு எழுதியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பங்கை வேறு வேலைக்கு மாற்ற வாய்க்கால் கம்பெனியின் ஒப்புதல் தேவைப்படுகிற இடங்களும் உண்டு.

400 ஏக்கர் அடிக்கு உரிமை வாங்கியிருக்கேன். 66 தானே கடன்? தாராளமா இருக்கே!

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். ஆற்றுத் தலைமதகில் 400 திறந்திருக்கலாம். வழியில் வாய்க்கால் குடித்தது 80 என்றால், 100 ஏக்கர் பண்ணைக்கு வந்து சேர்ந்தது 320. அதில் பயிர் குடித்தது 55 சதவீதம் என்று வைத்தால் 176. மிச்சம் 144 எங்கே போனது? கொஞ்சம் வரப்பு தாண்டி வழிந்து அன்றைக்கே ஆற்றுக்குப் போனது. மீதி மண்ணுக்குள் இறங்கி, மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் நகர்ந்து ஆற்றைச் சேர்ந்தது.

அப்படித் திரும்பிய 144-ஐ நம்பி கீழே இன்னொருவர் வாய்க்கால் வெட்டி, உரிமை வாங்கி, நூறு ஆண்டாகப் பயிர் செய்திருக்கிறார். அந்தத் தண்ணீரில் நீங்கள் கைவைக்க முடியாது. முன்பு எந்த மாதம், எவ்வளவு, எந்த இடத்தில் ஆற்றுக்குத் திரும்பியதோ அதே மாதிரி இனியும் திரும்ப வேண்டும். உங்கள் கைக்கு உண்மையில் வருவது பயிர் குடித்த 176 மட்டும். வாய்க்காலில் ஓடியதைப் பார்த்து விலை பேசினால் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்துவிடுவீர்கள்.

பயிர் எவ்வளவு குடிச்சதுன்னு அந்தக் காலத்துல யார் அளந்து வச்சாங்க?

பயிர் குடித்ததை யாரும் அளக்கவில்லை. ஆனால் தலைமதகில் நாள்தோறும் எவ்வளவு எடுத்தார்கள் என்ற பதிவேடு இருக்கும். மாநிலத்தின் வாட்டர் கமிஷனர்கள் இதைக் காலங்காலமாக எழுதிவருகிறார்கள். நம் ஊரில் வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்க்கட்டி கையில் அரசாங்க நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் எப்படியோ, அப்படி ஓர் ஆள். பழைய வான்வழிப் படங்களிலிருந்து எந்த வயல் பச்சையாக இருந்தது என்று தெரியும். மக்காச்சோளமா, சுகர் பீட்டா, குதிரைமசாலா என்பதை விவசாயியிடமோ அவர் பிள்ளைகளிடமோ கேட்டு எழுதி வாங்குவோம். இவற்றோடு வெப்பநிலை, பகல் நீளம், மழை எல்லாம் சேர்த்து, பிளேனி–கிரிடில் போன்ற சூத்திரத்தில் பயிரின் தேவையை மாதவாரியாகப் போடலாம்.

இதில் இரண்டு கூரை இருக்கிறது. பயிருக்குத் தேவைப்பட்டதைவிட அதிகம் குடித்ததாகக் காட்ட முடியாது. வயலுக்கு வந்ததைவிட அதிகமாகவும் காட்ட முடியாது. வறண்ட ஆண்டுகளில் இளைய உரிமைக்கு வாய்க்காலில் ஒன்றும் வந்திருக்காது, பயிர் எவ்வளவு தவித்திருந்தாலும். அதனால்தான் நல்லதும் கெட்டதுமாகப் பல ஆண்டுகளைச் சேர்த்து ஆராய்வார்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்தால் நீர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புப் பொறியாளர் சிரிப்பார்.

நிலத்தைக் காயப்போடணும்னு சொல்றாங்களே, கொஞ்சமா பாய்ச்சிக்கக் கூடாதா?

கூடாது. பயிர் குடித்த தண்ணீரைத்தான் ஆற்றுக்குக் கொடுக்கிறீர்கள். பயிர் தொடர்ந்து குடித்தால் கொடுக்க ஏது? எந்த எந்த ஏக்கர் காயப்போடப்பட்டது என்று வரைபடத்தில் குறித்து, ஒப்பந்தம் எழுதி, வயலில் போய்ப் பார்ப்பார்கள்.

இதில் தலைவலி குதிரைமசால். பாய்ச்சலை நிறுத்தினாலும் அது சாகாது. வேர் ஆழமாகப் போகும். நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் ஆற்றோர வயலில் அது ஜம்மென்று பச்சையாக நிற்கும். வாய்க்கால் தண்ணீர் வரவில்லை என்பது உண்மை, ஆனால் செடி ஆற்றின் தண்ணீரை அடியிலிருந்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அப்படி நின்ற ஏக்கர்களுக்குக் கணக்கில் வரவு கிடைக்காது. உழுது வேரை அழிக்க வேண்டும், பிறகு களை மண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் விற்ற நிலத்தைச் சும்மா போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அர்கன்சாஸ் ஆற்றுப் பகுதியிலுள்ள க்ரவுலி கவுன்டியைப் பார்க்கலாம். அங்கே பாசனத் தண்ணீரில் பெரும்பகுதி நகரங்களுக்கு விற்கப்பட்டது. களையும் புழுதியும் மிஞ்சின. சரளைக் குழிக்குக் காயும் நிலம் அதோடு ஒப்பிட்டால் சிறிதுதான். ஆனாலும் தண்ணீர் கைமாறிய வயலைத் தாண்டிப் போகும்போது எனக்கு உறுத்தாமல் இருப்பதில்லை.

குழி வெட்டுற இடமே பாசன நிலம்தான். அந்த 20 ஏக்கர் தண்ணியே அதுக்குப் போதாதா?

நல்ல கேள்வி, பதில் பலருக்கு ஆச்சரியம். மேலே போட்ட கணக்குப்படி பண்ணையில் ஒரு ஏக்கர் குடித்தது 1.76 ஏக்கர் அடி. 20 ஏக்கருக்கு 35. ஆனால் கடன் 66. பயிர் சில மாதம்தான் குடிக்கும். திறந்த தண்ணீர் ஆண்டு முழுக்க ஆவியாகும். ஆக, குழிக்கு வெளியே இன்னும் 17, 18 ஏக்கரைக் காயப்போட வேண்டும். குழி ஒரே நாளில் 20 ஏக்கர் ஆவதில்லை என்பதால், குழி விரிய விரிய நிலத்தையும் படிப்படியாகக் காயப்போடலாம். அப்படித்தான் பலரும் செய்கிறார்கள்.

தண்ணிய எங்க, எப்படி ஆத்துல விடுறது?

வாய்க்காலில் வழக்கம்போல உங்கள் பங்கை எடுத்துவந்து, வயலுக்குத் திருப்பாமல் ஆற்றுக்கே திருப்பிவிட ஒரு மதகும் அளவுகோலும் வைப்பார்கள். அளப்பதற்கு அநேகமாக பார்ஷல் ஃப்ளூம் என்கிற இடுங்கிய தொட்டி இருக்கும். ஃபோர்ட் காலின்ஸில் ரால்ஃப் பார்ஷல் உருவாக்கியது, அதனால் இந்தப் பக்கத்துச் சரக்கு என்றே சொல்லலாம். தண்ணீரைத் தலைமதகிலேயே விட்டுவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். வாய்க்காலில் உங்கள் தண்ணீர் ஓடாவிட்டால், அதன் அடியில் கசிய வேண்டியதையெல்லாம் மற்ற பங்குதாரர்கள் சுமக்க வேண்டிவரும். அதனால் கம்பெனிகள் லேசில் சம்மதிப்பதில்லை.

இடம் முக்கியம். அழைப்பு விடுத்தவருடைய மதகுக்கு மேலே உங்கள் தண்ணீர் ஆற்றில் சேர வேண்டும். அவரைத் தாண்டிக் கீழே ஊற்றினால் ஆற்றின் மொத்தக் கணக்கு சரியாக இருக்கும், அவர் வயல் காய்ந்திருக்கும். ஆற்றில் போகும் வழியில் ஏற்படும் இழப்பையும் உங்கள் கணக்கிலேயே கழிப்பார்கள்.

குளிர்காலத்துல வாய்க்கால மூடிடுவாங்களே. அப்போ?

இங்கேதான் பல திட்டங்கள் நொண்டுகின்றன. மாநிலத்தின் தண்ணீர் நிர்வாகத்தைப் பார்க்கும் மாநிலப் பொறியாளர் அலுவலகம் தாழ்வான பகுதிகளுக்குப் பயன்படுத்தும் மாதப் பங்கீட்டில், நவம்பர் முதல் மார்ச் வரை ஆண்டு ஆவியாதலில் 19 சதவீதம் வருகிறது. அதுகூடச் சிறிய தொல்லை. பெரிய தொல்லை தாமதம். ஜூலையில் குட்டையில் ஆவியான தண்ணீரின் குறை ஜூலையிலேயே ஆற்றில் தெரிவதில்லை. ஆற்றிலிருந்து தூரம், சரளையின் தன்மை இவற்றைப் பொறுத்து அது மெல்ல மெல்லப் பல மாதங்களில் வந்து சேர்கிறது. குளோவர் முறை என்ற கணக்கில் அதைப் பிரித்துப் போடுவோம். கோடையில் குடித்ததற்கு ஜனவரியிலும் பில் வரும்.

ஜனவரியில் வாய்க்கால் பூட்டியிருக்கும். அதோடு, 144-இல் மண்வழியாகத் திரும்பிய பங்கையும் குளிர்காலத்தில் ஆற்றுக்குத் தர வேண்டும். ஆகவே கோடைத் தண்ணீரைத் தேக்கி வைக்க ஓர் ஏரி வேண்டும், அல்லது சுத்திகரித்து ஆற்றில் விடும் நகரக் கழிவுநீரில் முழுமையாக மறுபயன்பாட்டுக்கு உரிமையுள்ள பங்கைக் குத்தகைக்கு எடுக்க வேண்டும். பாசனப் பங்கை மட்டும் வாங்கிவிட்டு "எல்லாம் முடிந்தது" என்று நிற்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஜனவரி மாதக் கணக்கைத்தான்.

இதுக்குக் கோர்ட்டுக்குப் போகணுமா?

நிரந்தரமாக மாற்ற வேண்டுமானால் ஆம். 1969 சட்டத்தின்படி மாநிலம் ஏழு நீர்ப் பிரிவுகளாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் நீர் நீதிமன்றம் உண்டு. சவுத் பிளாட்டுக்கு கிரீலியில். அங்கே வழக்கு நீளும். அதற்குள் சரளை எடுக்க, மாநிலப் பொறியாளரிடம் தற்காலிக மாற்று நீர்த் திட்டத்துக்கு அனுமதி வாங்கிக் காலம் முடிய முடியப் புதுப்பிக்கலாம். தற்காலிகம் என்பதால் கணக்கு தளர்வாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பயிர் குடித்தது, திரும்பியது, காயப்போட்டது எல்லாம் அங்கேயும் கேட்பார்கள். மாதாமாதம் கணக்குத் தாள் போக வேண்டும்.

ஆத்துல வெள்ளமா ஓடுது. அப்பவும் தண்ணி விடணுமா?

அழைப்பு இல்லாத நாளில் குழிக் கடனுக்கு விட வேண்டியதில்லை. யாருக்கும் குறை இல்லையே. ஆனால் அன்றைய ஆவியாதலின் பெரும்பகுதி ஆற்றில் தெரிவது பின்னால், அழைப்பு இருக்கும் ஒரு நாளாக இருக்கலாம். முந்தைய பதிலில் சொன்ன தாமதம்தான். ஆகவே வெள்ளக்காலத்துக் கணக்கையும் எழுதிக்கொண்டே வர வேண்டும்.

கரையில காட்டன்வுட் மரம் நிறைய தண்ணி குடிக்குது. அதை வெட்டிட்டு அந்தத் தண்ணிய எனக்கு வரவு வைக்கலாமா?

கெட்டிக்காரத்தனமான யோசனை, உங்களுக்கு முன்பே அர்கன்சாஸ் ஆற்றில் ஒருவர் முயன்றுவிட்டார். 1974-இல் ஷெல்டன் ஃபார்ம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்த மரங்கள் ஆற்றிடமிருந்து திருடிக் குடித்தன, திருடனை விரட்டியவருக்குத் திருட்டுப் பொருள் சொந்தமாகாது, அது ஆற்றுக்கும் வரிசையில் நிற்கும் உரிமைக்காரர்களுக்கும் போக வேண்டும் என்பது சாரம். வரவு கொடுத்தால் ஆற்றங்கரை மரமெல்லாம் மொட்டையாகிவிடும் என்ற கவலையும் நீதிபதிகளுக்கு இருந்தது. நியாயமான கவலை.

பம்ப் வச்சு இறைச்சுக் குழிய உலர வச்சுட்டா, குட்டையும் இல்ல, கடனும் இல்லையே?

இறைத்த தண்ணீரை அப்படியே ஆற்றில் விடும்வரை ஆவியாகும் இழப்பு குறைவுதான். ஆனால் பம்பை நிறுத்தும் நாள் வரும். அன்று குழி நிரம்பத் தொடங்கும். நிரப்புவது சுற்றியுள்ள நிலத்தடி நீர், அதாவது ஆறு. 20 ஏக்கர், 20 அடி ஆழம் என்றால் 400 ஏக்கர் அடி. ஆறு ஆண்டுக் கடன் ஒரே நிரப்பலில். இதைத் திட்டத்தில் எழுதாமல் விட்டால், சரளை தீர்ந்து வருமானம் நின்ற பிறகு பெரிய பில் வரும்.

சுத்தி சுவர் கட்டிட்டா?

கட்டலாம். குழியைச் சுற்றிப் பாறைவரைக்கும் அகழி வெட்டி, பென்டோனைட் களிமண் கலவையால் நிரப்பினால் நிலத்தடி நீர் உள்ளே வராது. 1999-இல் மாநிலப் பொறியாளர் வகுத்த கசிவு அளவுகோலில் தேறினால் அது கிணறு என்ற பெயர் மாறி நீர்த்தேக்கம் ஆகிவிடும். டென்வர், தார்ன்டன் போன்ற நகரங்கள் இப்படிப்பட்ட குழிகளைத் தண்ணீர் தேக்கப் பயன்படுத்துகின்றன. சரளையில் கிடைத்ததைவிடத் தேக்கத்தில் நல்ல விலை கிடைப்பதும் உண்டு. ஆனால் மண்ணுக்கடியில் அணை கட்டியது மாதிரிதான் இது: சுவரின் மேற்பக்கம் நீர்மட்டம் உயர்ந்து பக்கத்து வீட்டு நிலவறையில் ஈரம் ஏறும், கீழ்ப்பக்கம் கிணறு இறங்கும். அக்கம்பக்கத்தாரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

சரளை தீந்துபோச்சு, கம்பெனியும் கிளம்பிடுச்சு. அப்புறம் யார் ஆத்துக்குத் தண்ணி தருவா?

குட்டை இருக்கும்வரை ஆவியாதல் நிற்காது. அதனால் முடிவு மூன்றில் ஒன்று: மண்ணைக் கொட்டி மூடுவது, சுவர் கட்டுவது, அல்லது நீர் நீதிமன்றத்தில் நிரந்தர ஈடுகட்டும் திட்டம் வாங்கி அதற்குப் பாசன உரிமையை ஒதுக்கிவைப்பது. கம்பெனி பாதியில் ஓடினாலும் இதைச் செய்ய, சுரங்கச் சீரமைப்புத் துறையிடம் முன்பணமாகப் பிணைத்தொகை கட்டச் சொல்கிறார்கள். மூடுவது சுலபம் என்று தோன்றும். எடுத்த சரளை எல்லாம் ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் கிடக்கிறது. 20 ஏக்கரை நிரப்ப மண் வேறெங்கிருந்தாவதுதான் வர வேண்டும்.

தற்காலிகத் திட்டத்தில் மட்டும் பயன்படுத்திய உரிமை என்றால், குழியை மூடிய பின் குழிக்கு வெளியே காயப்போட்ட அந்த 18 ஏக்கருக்கு மறுபடி தண்ணீர் பாய்ச்சலாம். ஆனால் எதற்கும் பயன்படுத்தாமல் உரிமையைச் சும்மா போட்டுவைக்காதீர்கள். பத்து ஆண்டு தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால், கைவிட்டுவிட்டீர்கள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.